காற்றுக்கு வழிவிடும் கட்டடங்கள்

நுழையும்முன்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள். இவற்றுள் உறையுள், ஒருமுறை அமைத்துவிட்டால் இரண்டு தலைமுறைக்கேனும் நிலைத்து நிற்பது. தவறாகத் தைத்த உடையைப் பிரித்துத் தைக்கலாம். தவறான திசையில் எழுப்பிய சுவரைத் திருப்பி வைக்க இயலாது. கோடை நீண்டு வரும் இக்காலத்தில், இயந்திரத்தை நாடும் முன்னரே ஒரு கட்டடம் தன் வடிவத்தாலும் பொருளாலும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியுமா? முடியும் என்று காட்டிய சில கட்டடங்களையும் அவற்றின் பின்னுள்ள அறிவியலையும் இப்பாடம் விளக்குகிறது.

சாளரத்திற்குக் 'காலதர்' என்றொரு பெயர் தமிழில் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதே அச்சொல்லின் பொருள். இச்சொல் சிலப்பதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. வெயில் காலத்திற்கு உரிய வேனிற்பள்ளியையும் குளிர் காலத்திற்கு உரிய கூதிர்ப்பள்ளியையும் அக்காப்பியம் குறிப்பிடுகிறது. அரண்மனைக்கு மனை வகுக்கும்பொழுது கோல் நட்டு, அதன் நிழலைக்கொண்டு திசையறிந்து, நூலிட்டு அளந்த செய்தியை நெடுநல்வாடை தருகிறது. கதிரவனின் இருப்பையும் காற்றின் போக்கையும் அறிந்த பின்னரே கட்டடம் எழுப்ப வேண்டும் என்னும் அறிவு நம் மொழியில் சொல்லாகவும் பாட்டாகவும் பதிவாகியுள்ளது.

இன்று நம் ஊர்களில் எழும் கட்டடங்கள் பலவற்றில் இவ்வறிவைக் காண முடிவதில்லை. நாகப்பட்டினத்தின் கடற்கரைக்கும் கோயம்புத்தூரின் சமவெளிக்கும் ஒரே வரைபடம் பயன்படுகிறது. மனை எந்தத் திசை நோக்கியிருந்தாலும் அறைகள் ஒரே முறையில் அடுக்கப்படுகின்றன. அதன் விளைவை ஏப்ரல், மே மாதங்களின் இரவுகளில் அனைவரும் உணர்கிறோம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர், பகலெல்லாம் உழைத்துத் திரும்பிய தொழிலாளி, கைக்குழந்தையை உறங்க வைக்கும் தாய் ஆகியோருக்கு, உறங்கவும் முடியாத வெப்பத்தைத் தரும் வீடு உறையுள் ஆகாது.

பேண்தகு கட்டடக்கலை

ஒரு கட்டடம் எழுப்பப்படும்போதும், அதில் மக்கள் வாழும்போதும், காலம் முடிந்து இடிக்கப்படும்போதும் இயற்கையிடமிருந்து குறைந்த அளவே பெற்று, குறைந்த அளவே கேடு விளைவிக்குமாறு அமைப்பதைப் பேண்தகு கட்டடக்கலை என்பர். இதில் இருவகை ஆற்றல் கணக்குகள் உள்ளன. செங்கல், சிமெண்டு, இரும்பு முதலிய பொருள்களை உருவாக்கவும் கொண்டுவரவும் செலவாகும் ஆற்றல் ஒன்று. கட்டடம் பயன்பாட்டில் உள்ள காலம் முழுவதும் விளக்குக்கும் விசிறிக்கும் குளிரூட்டிக்கும் செலவாகும் ஆற்றல் மற்றொன்று.

முதற்கணக்கு பலர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணுடன் கலந்து ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியசு வெப்பத்தில் சுட்டே சிமெண்டு செய்யப்படுகிறது. சூளையை எரிக்கும் எரிபொருளிலிருந்தும், சுண்ணாம்புக்கல் சிதைவதிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. உலகில் மனிதச் செயல்களால் வெளிப்படும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டு உற்பத்தியிலிருந்து வருகிறது. ஆகவே, ஒரு மூட்டை சிமெண்டைக் குறைத்துக் கட்டுவதும் சூழல் காப்பின் ஒரு பகுதியே.

வெப்பம் வீட்டுக்குள் வரும் வழி

தமிழ்நாடு ஏறத்தாழ 8 பாகை முதல் 13½ பாகை வரையிலான வட அட்சங்களுக்கு இடையே அமைந்துள்ளது. இதனால் ஆண்டுக்கு இருமுறை உச்சிவேளையில் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறான். சென்னையில் இது ஏப்ரல் மாத இறுதியிலும் ஆகஸ்டு மாத நடுவிலும் நிகழ்கிறது. எனவே, நம் நிலத்தில் ஒரு வீட்டின்மீது விழும் வெயிலில் பெரும்பங்கைக் கூரையே ஏற்கிறது. அடுத்த நிலையில் மேற்குச் சுவர் உள்ளது. காற்று ஏற்கெனவே சூடேறியிருக்கும் பிற்பகலில் தாழ்ந்த கதிர்கள் அச்சுவரைத் தாக்குகின்றன. கிழக்குச் சுவர் காலை வெயிலை ஏற்கிறது. தெற்குச் சுவர்மீது வெயில் படும் மாதங்களில் நண்பகல் கதிரவன் உயரத்தில் இருப்பதால், சாளரத்தின் மேலுள்ள சிறிய சன்ஷேடே அதற்குப் போதிய நிழல் தந்துவிடும். வடக்குச் சுவரைக் காப்பதும் எளிது.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருக்க வேண்டும். குறுகிய பக்கங்கள் கிழக்கும் மேற்கும் நோக்கியிருக்க வேண்டும். மனையின் அமைப்பு இதற்கு இடம் தராவிட்டால், படிக்கட்டு, குளியலறை, பொருள் வைக்கும் அறை போன்றவற்றை மேற்கே அமைத்து, படுக்கையறையைக் காக்கலாம். இதற்குக் கூடுதலாக ஒரு காசும் செலவாவதில்லை. வரையும்பொழுது சிறிது சிந்தித்தால் போதும்.

கான்கிரீட் தளத்திற்கு மற்றொரு தன்மையும் உண்டு. அது பகலில் வெப்பத்தைத் தேக்கிவைத்து, மாலையிலும் இரவிலும் கீழ்நோக்கி உமிழ்கிறது. வெளியே காற்று குளிர்ந்த பின்னரும் மாடி வீட்டின் மேல்தள அறையில் புழுக்கம் நீடிப்பதற்கு இதுவே காரணம். மின்விசிறி அந்த அறையின் சூடான காற்றையே சுழற்றுகிறது.

இயந்திரம் தரும் குளிர்ச்சி

இச்சிக்கலுக்கு எளிதில் கிடைக்கும் விடை குளிரூட்டி. ஆனால், குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை; அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில் விடுகிறது. அது இயங்கச் செலவிடும் மின்னாற்றலும் வெப்பமாக மாறி அதனுடன் சேர்கிறது. நெருக்கமான தெருவில் பல வீடுகள் குளிரூட்டியை இயக்கினால் தெருவின் காற்று மேலும் சூடேறுகிறது. அந்த வெப்பம், குளிரூட்டி வாங்க இயலாத அண்டை வீட்டின் சாளரம் வழியே நுழைகிறது. ஒருவர் பெறும் குளிர்ச்சிக்கு மற்றொருவர் விலை கொடுக்க நேர்கிறது.

நகரங்களில் பெருகிவரும் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்கள் இந்நிலையைக் கூர்மையாக்குகின்றன. கண்ணாடி வழியே உட்புகும் கதிரவனின் கதிர்கள் உள்ளிருக்கும் தரையையும் பொருள்களையும் சூடாக்குகின்றன. அவை உமிழும் நீண்ட அலைநீளக் கதிர்களோ கண்ணாடியைக் கடந்து எளிதில் வெளியேறுவதில்லை. குளிர்நாடுகளில் செடிகளைக் காக்கும் கண்ணாடிக் குடிலின் இயல்பு இதுதான். குறைந்த வெயிலைச் சேமிக்க வேண்டிய நாட்டில் பயன்படும் அவ்வுத்தி, வெயில் மிகுந்த நாட்டில் மேற்குத் திசையில் நிழலின்றி அமையும்போது சுமையாகிறது.

குளிரூட்டி வேண்டாத பொருளன்று. மருத்துவமனையின் அறுவை அரங்கிற்கும் மருந்துக் கிடங்கிற்கும் அது இன்றியமையாதது. கட்டடம் தன் பங்கைச் செய்த பின்னர் எஞ்சியதை இயந்திரம் செய்யட்டும் என்பதே பேண்தகு கட்டடக்கலையின் நிலைப்பாடு.

சுவருக்கு மாற்றாகச் சாய்பலகைகள்

ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நகரில் இயந்திரக் குளிர்ச்சியின்றி வாழ இயலும் என்பதற்குப் புதுச்சேரியில் ஒரு சான்று உள்ளது. அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்காக எழுப்பப்பட்ட அவ்விடுதியின் பெயர் கோல்கொண்டா. பொகீமியாவில் பிறந்து ஜப்பானில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆன்டனின் ரேமண்டு என்பவர் இதை வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமா என்னும் இளங்கலைஞர் புதுச்சேரியில் தங்கிக் கட்டுமானத்தில் பங்காற்றினார். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி 1940களில் நிறைவுற்றது. இந்தியாவில் இரும்புக்கம்பிக் கான்கிரீட்டில் எழுந்த தொடக்ககால நவீனக் கட்டடங்களுள் இஃது ஒன்று.

கோல்கொண்டாவின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியுள்ளன. அப்பக்கங்களில் வழக்கமான சுவர் இல்லை. தரை முதல் மேல்தளம் வரை கிடைமட்டமான சாய்பலகைகள் வரிசையாகப் பொருத்தப்பட்டுள்ளன. தங்கியிருப்பவர் அவற்றை வேண்டிய அளவு திறக்கலாம். மழை வரும்போது மூடலாம். அறைக்கும் நடைவழிக்கும் இடையே உள்ள தேக்குக் கதவுகள், பார்வையை மறைத்துக் காற்றை மட்டும் விடுமாறு இடைவெளிகளுடன் செய்யப்பட்டுள்ளன. ஒருபுறம் நுழையும் காற்று அறையைக் கடந்து மறுபுறம் வெளியேறுகிறது. கூரை ஈரடுக்காக அமைந்துள்ளது. இரண்டுக்கும் இடைப்பட்ட காற்றுவெளி வெயிலின் சூட்டைத் தடுக்கிறது. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் உடலின் வியர்வை உலர்வதற்குக் காற்றோட்டமே துணை. அந்த ஒன்றை மையமாக வைத்தே இக்கட்டடம் முழுவதும் சிந்திக்கப்பட்டுள்ளது.

லாரி பேக்கரின் சிக்கனம்

கோல்கொண்டா செலவு மிகுந்த கட்டடம். எளிய மக்களின் வீட்டுக்கு இவ்வறிவைக் கொண்டுசேர்த்தவர்களுள் லாரி பேக்கர் முதன்மையானவர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து கட்டடக்கலை பயின்ற அவர், இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டாற்றினார். தாயகம் திரும்பும் வழியில் மும்பையில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டிற்கு வேண்டிய பொருள்கள் அதைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பனவாக இருத்தல் நன்று என்னும் காந்தியடிகளின் கருத்து அவர் நெஞ்சில் பதிந்தது. 1945இல் இந்தியாவுக்கு வந்த அவர் தொழுநோயாளர் இல்லங்களுக்கான பணியில் ஈடுபட்டார். பின்னர் இமயமலைப் பகுதியில் வாழ்ந்தார். இறுதியில் திருவனந்தபுரத்தில் நிலைத்தார். 1990இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2007இல் அவர் மறைந்தார்.

பேக்கர் பரவலாக்கிய உத்திகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, எலிப்பொறிக் கட்டு. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கற்கள் படுக்கையாக வைக்கப்படும். எலிப்பொறிக் கட்டில் அவை விளிம்பின்மீது நிறுத்தி வைக்கப்படுகின்றன. சுவரின் நடுவே பெட்டி போன்ற வெற்றிடங்கள் உருவாகின்றன. செங்கல் ஏறத்தாழ 25 சதவீதம் குறைகிறது, சாந்தும் குறைகிறது. வெற்றிடத்தில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே, செலவு குறைந்த சுவரே குளிர்ந்த சுவராகவும் அமைகிறது.

இரண்டாவது, நிரப்புத் தளம். கான்கிரீட் தளத்தில் சுமை ஏறும்போது மேற்பகுதி அழுத்தத்தையும் கீழ்ப்பகுதி இழுவிசையையும் ஏற்கின்றன. இழுவிசையைத் தாங்குவது கம்பியே; அங்குள்ள கான்கிரீட் கம்பியைப் பற்றிக்கொள்ள மட்டுமே பெரிதும் உதவுகிறது. எனவே, கம்பிகளுக்கு இடையே கீழ்ப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைத்தார் பேக்கர். தளத்தின் எடை குறைந்ததால் கம்பியின் அளவும் குறைந்தது. ஓடுகளுக்கு இடையே அடைபடும் காற்று, வெப்பம் கீழிறங்குவதைத் தணித்தது.

திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவருடைய சிறந்த பணிகளுள் ஒன்று. அங்குப் பல சாளரங்களுக்குக் கண்ணாடியும் மரச்சட்டமும் இல்லை. செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர்களே வெளிச்சத்தையும் காற்றையும் அளந்து உள்ளே விடுகின்றன. பூசாத செங்கல் சுவர்களால் பூச்சுச் செலவும் வண்ணச் செலவும் தவிர்க்கப்பட்டன. இவ்வகைக் கட்டுமானத்தில் பணத்தின் பெரும்பகுதி தொழிற்சாலைப் பொருளுக்குப் போகாமல், கொத்தனார், சித்தாள், தச்சர் ஆகியோரின் கூலியாக உள்ளூரிலேயே தங்குகிறது.

சுடாத மண்கல்

செங்கல்லைச் சுடுவதற்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். சுடாமலேயே உறுதியான கல்லைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடை தருவது அழுத்தப்பட்ட மண்கல். மணற்பாங்கான செம்மண்ணுடன் ஏறத்தாழ 5 சதவீதம் சிமெண்டு சேர்த்து, சிறிது நீர் தெளித்து, கையால் இயக்கும் அழுத்துபொறியில் இட்டு அழுத்துவர். பின்னர் நிழலில் அடுக்கி நீர் தெளித்துப் பதப்படுத்துவர். விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்த ஆரோவில்லில் உள்ள மண் கட்டுமான நிறுவனம் இம்முறையில் பலருக்கும் பயிற்சி அளித்துவருகிறது. அங்குள்ள பார்வையாளர் மையம் இத்தகைய மண்கற்களால் ஆனது. எளியோருக்கான கட்டடக்கலைக்கு வழங்கப்படும் ஹசன் ஃபாதி விருது 1992இல் அம்மையத்திற்குக் கிடைத்தது.

மண்கல்லுக்கும் வரம்புகள் உண்டு. எல்லா மண்ணும் இதற்குப் பொருந்தாது. களிமண் மிகுந்தால் கல் வெடிக்கும். தேங்கும் நீரும் சாரலும் அதற்குப் பகை. எனவே, அடித்தளத்தைக் கருங்கல்லால் உயர்த்தி, கூரையின் இறவாரத்தை நீட்டிக் கட்டுதல் வேண்டும். பொருளின் இயல்பறிந்து கட்டும் கைத்திறன் இல்லையேல் சிறந்த பொருளும் பயனற்றுப் போகும்.

தெரிந்து தெளிவோம்

*மெட்ராஸ் டெரஸ்: கான்கிரீட் பரவுவதற்கு முன் தமிழகத்தின் பல வீடுகளில் அமைந்த மேல்தளம் இது. மர உத்தரங்கள்மீது மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் சல்லியும் கலந்த கலவையை இட்டு நன்கு அடித்து இறுக்குவர். மேலே தட்டோடு பதிப்பர். தடித்த இத்தளம் வெப்பத்தை மெதுவாகவே கீழே கடத்தும்.*

ஒரு பள்ளியின் இரட்டைக் கூரை

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள புர்கினா ஃபாசோ நாட்டில் காந்தோ என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1965இல் பிறந்த பிரான்சிஸ் கெரே, ஊரில் பள்ளி இல்லாததால் சிறுவயதிலேயே வெளியூர் சென்று பயின்றார். அவர் அமர்ந்து படித்த வகுப்பறை இருண்டும் புழுங்கியும் இருந்தது. பின்னாளில் பெர்லினில் கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்தபோதே நிதி திரட்டி, தம் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளியை வடிவமைத்தார். ஊர்மக்கள் உழைப்பைத் தந்தனர். 2001இல் பள்ளி எழுந்தது.

அப்பகுதியில் வழக்கமான தகரக் கூரை, வகுப்பறையை அடுப்பாக்கிவிடும். கெரே தகரத்தை விலக்கவில்லை. அதைச் சுவரிலிருந்து உயரே தூக்கினார். களிமண்ணுடன் சிறிது சிமெண்டு சேர்த்த கற்களால் சுவர் எழுப்பி, இடைவெளிகள் கொண்ட கற்கூரையை அதன்மேல் அமைத்தார். அதற்கும் மேலே, கட்டுமானக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டங்களின்மீது தகரக் கூரையை நிறுத்தினார். சாளரம் வழியே குளிர்ந்த காற்று நுழைகிறது. வகுப்பறையின் சூடான காற்று இடைவெளிகள் வழியே மேலேறுகிறது. இரு கூரைகளுக்கும் நடுவே வீசும் காற்று அதை அடித்துச் செல்கிறது. நீட்டப்பட்ட தகரம் சுவருக்கு நிழலாகவும் மழைக்குக் குடையாகவும் ஆகிறது.

இப்பள்ளிக்கு 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. கட்டடக்கலையின் உயரிய சிறப்பாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2022இல் கெரே பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. நம் ஊர்களில் மொட்டைமாடியின்மேல் கீற்றுக்கொட்டகை போடுவதிலும் இதே இயற்பியல் உள்ளது. வெயிலைத் தாங்கும் கூரை ஒன்று, வாழுமிடத்தை மூடும் கூரை மற்றொன்று. இரண்டுக்கும் இடையே காற்று ஓட வேண்டும்.

இடம் மாறினால் விடை மாறும்

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையம் கடைகளும் அலுவலகங்களும் கொண்ட பெரிய வளாகம். மிக் பியர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் கறையான் புற்றிலிருந்து தூண்டுதல் பெற்று இதை வடிவமைத்தார். புற்றுக்குள் காற்று இயங்கும் முறை அவர் கருதியதைவிடச் சிக்கலானது எனப் பின்வந்த ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். எனினும், கட்டடம் செவ்வனே பணியாற்றுகிறது. இரவில் குளிர்ந்த காற்றை விசிறிகள் உள்ளிழுத்துத் தளங்களின் அடியிலுள்ள வெற்றிடங்கள் வழியே செலுத்துகின்றன. தடித்த கான்கிரீட் அக்குளிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. பகலில் அறைக்கு வரும் காற்று அக்கான்கிரீட்டைக் கடந்து குளிர்ந்து வருகிறது. சூடேறிய காற்று உயரமான புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது.

இதை அப்படியே சென்னையில் கட்டினால் பயன் தருமா? தராது. ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குப் பகல் வெப்பத்திற்கும் இரவுக் குளிருக்கும் வேறுபாடு மிகுதி. சென்னையின் கோடை இரவில் காற்று அவ்வளவு குளிர்வதில்லை. சுவரில் சேமித்து வைக்கக் குளிர்ச்சியே இராது. அங்குக் கோல்கொண்டாவைப் போலக் காற்றோட்டத்தையே நம்ப வேண்டும். கடலிலிருந்து விலகிய வறண்ட ஊர்களிலோ தடித்த சுவரும் இரவில் திறக்கும் சாளரமும் ஓரளவு உதவும். நீலகிரியில் தேவைப்படுவது வெயிலை உள்ளே வரவேற்கும் வீடு. ஒரே மாநிலத்திற்குள்ளேயே விடைகள் வேறுபடுகின்றன.

பழமைக்கும் இது பொருந்தும். செட்டிநாட்டு வீடுகளின் முற்றமும் தாழ்வாரமும் வெளிச்சத்தையும் காற்றையும் மழைநீரையும் ஒருங்கே ஆண்ட அமைப்புகள். ஆனால், அவ்வீடுகளின் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. அவற்றைக் கட்டியோர் பெருவணிகர். அரை சென்ட் மனையில் வீடு கட்டுவோர் அம்முற்றத்தைப் படியெடுக்க இயலாது. முற்றம் செய்த பணியை, அதாவது சூடான காற்று மேலேறி வெளியேற ஒரு வழி அமைப்பதை, படிக்கட்டின் உச்சியில் வைக்கும் சிறு காற்றுத் திறப்பு ஓரளவு செய்யும். முன்னோரிடமிருந்து நாம் பெற வேண்டியது வடிவத்தை விடக் காரணத்தையே.

பொதுக் கட்டடங்களின் கடமை

அரசுப் பள்ளி, மருத்துவமனை, நூலகம், பேருந்து நிலையம் ஆகியவை அனைவரும் பயன்படுத்தும் இடங்கள். வீட்டில் குளிர்ச்சிக்கு வழியற்ற ஒருவருக்கு நூலகத்தின் நிழலே பகற்பொழுதின் அடைக்கலமாகலாம். ஆகவே, பொதுக் கட்டடங்கள் மற்றவற்றுக்கு முன்மாதிரியாக விளங்குதல் வேண்டும்.

புதுதில்லியில் நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்திற்காக 2014இல் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவன் இவ்வகையில் கருதத்தக்கது. அதன் கூரையில் 930 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள் உள்ளன. ஆண்டுக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் நோக்குடன் அது வடிவமைக்கப்பட்டது. இங்கு நாம் காண வேண்டியது செயல்களின் வரிசை. கட்டடத்தை வடக்கு தெற்காக அமைத்து, நடுவே முற்றம் விட்டு, பகல் வெளிச்சம் அறைகளை எட்டுமாறு செய்து முதலில் தேவையைக் குறைத்தனர். குறைந்த தேவையை ஈடுசெய்யவே தகடுகளைப் பொருத்தினர். வெப்பத்தை வாரிக்கொள்ளும் கட்டடத்தைக் கட்டிவிட்டுக் கூரையில் தகடுகளை மட்டும் வைத்தால், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பிய கதையாகும்.

இந்திய அரசு 2007இல் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. குடியிருப்புகளுக்கான விதித்தொகுப்பு 2018இல் வெளிவந்தது. விதி மக்களின் வழக்கமாக மாறக்கூடியது என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை தெருவில் ஓடி வீணான கூரைநீர் குழாய் வழியே மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. இன்று புதுவீடு கட்டுவோர் கழிவுநீர்த் தொட்டிக்கு இடம் ஒதுக்குவது போலவே மழைநீர்த் தொட்டிக்கும் இடம் ஒதுக்குகின்றனர்.

கட்டிய வீட்டில் செய்யக்கூடியவை

நம்மில் பலர் முன்பே கட்டிய வீட்டில் வாழ்கிறோம்; பலர் வாடகைக்குக் குடியிருக்கிறோம். சுவரை மாற்ற இயலாவிட்டாலும் வெயிலை மறிக்க முடியும். மொட்டைமாடியில் சுண்ணாம்போ வெப்பம் எதிர்க்கும் வெள்ளைப் பூச்சோ அடித்தால், படும் வெயிலில் பெரும்பகுதி திரும்பிச் செல்லும். மேற்குச் சாளரத்தின் உட்புறம் தொங்கும் திரையைவிட வெளிப்புறம் தொங்கும் மூங்கில் தட்டி மிகுந்த பயன் தரும். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்னரே அது தடுத்துவிடுகிறது. மேற்கே இடமிருந்தால் வேம்பு, புங்கை போன்ற மரங்களை நடலாம். எதிரெதிர்ச் சாளரங்களை இரவில் திறந்து வைப்பதும், பகலில் அனல்காற்று வீசும் வேளையில் மூடுவதும் செலவற்ற வழிகள்.

புதிதாகக் கட்டுவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. மாலை வெயில் எந்த அறையில் விழும்? நுழையும் காற்று எங்கே வெளியேறும்? கூரைக்கு நிழல் உண்டா? கல்லும் மணலும் எவ்வளவு தொலைவிலிருந்து வருகின்றன? மழைநீர் எங்கே போய்ச் சேரும்? இவற்றை அடித்தளம் தோண்டிய பின் கேட்பதில் பயனில்லை. வரைபடம் தாளில் இருக்கும்போதே கேட்க வேண்டும். தாளில் ஒரு கோட்டை மாற்ற அழிப்பான் போதும். அந்தக் கோடு சுவராக எழுந்துவிட்டால், அதன் வெப்பத்தை அவ்வீட்டில் பிறக்கப்போகும் குழந்தைகளும் தாங்க நேரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் வரைபடத்தைத் திசைகளுடன் வரைந்து, காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் வெயில் விழும் இடங்களைக் குறிக்க.

2. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்றையும் புதிய வீடு ஒன்றையும் கண்டு, கூரை, சாளரம், தரை ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் பகுதியிலுள்ள கொத்தனார் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் கட்டுமானச் சொற்கள் இருபதைத் தொகுத்துப் பொருள் தருக.

4. "ஹராரேயின் விடை சென்னைக்குப் பொருந்தாது." பாடக்கருத்தின் துணைகொண்டு காரணங்களை விளக்குக.